கறுப்புக் கட்டங்கள்

அச்சடித்த தாளை என் மகள் கிழிக்காமல் மடிப்பு மடிப்பாகத் தூக்கிக்கொண்டு வந்து வராந்தாத் தரையில் விரித்தாள். அவளுடைய கல்லூரியில் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்புகளைக் கழற்றிப் போடுகிற இடம் அது. பேராசிரியரானாலும் உள்ளே வெறுங்காலோடுதான் போக வேண்டும். தூசி பட்டால் மெஷினுக்கு ஆகாதாம். தாள் பட்டை பட்டையாக வந்திருந்தது. விளிம்போடு விளிம்பைச் சேர்த்துப் பின்பக்கம் ஒட்டிவிட்டு, "இப்ப எந்திரிச்சு நின்னு பாரும்மா" என்றாள்.

உட்கார்ந்து பார்த்தவரைக்கும் அது வெறும் புள்ளியும் கூட்டல் குறியும் எழுத்துமாகத்தான் இருந்தது. எழுந்து நின்றதும் நிலமாகிவிட்டது. வில்லாபுரத்தைத் தாண்டி, அவனியாபுரத்துக்கும் தெற்கே, நான் வெயிலில் நடந்து பார்த்த அந்தப் பொட்டல் அப்படியே கீழே கிடந்தது. மேல கண்மாய் ஒரு பக்கம், கீழ கண்மாய் ஒரு பக்கம், நடுவில் மேடும் பள்ளமும். அது வரைக்கும் நிலத்தை நான் நின்ற இடத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். மேலே இருந்து, அதுவும் எழுத்துகளால் ஆன நிலத்தை, அன்றுதான் பார்த்தேன். கோயிலில் திரை விலகும்போது வருமே, அப்படி ஒரு சிலிர்ப்பு. கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. மகள் சிரித்தாள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது மதுரையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். செல்லூரில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. இரண்டு பக்கமும் விசைத்தறி. என் வீட்டுக்காரர் தறி உதிரி பாகங்கள் விற்கிற கடை வைத்திருந்ததால் அந்தச் சத்தம்தான் எங்களுக்குச் சோறு. ஆனால் மகள் பத்தாம் வகுப்பிலிருந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தவள். அவள் மேல்படிப்புக்குப் போன வருடம், எங்கள் ஆபீஸ் ஆட்கள் சேர்ந்து வீட்டுமனைச் சங்கம் ஆரம்பித்தார்கள். அந்தத் தெற்குப் பொட்டலைப் பேசி முடித்து, குலுக்கலில் எங்களுக்கும் ஒரு மனை விழுந்தது. பத்திரம் பதிய வேண்டியது மட்டும் பாக்கி. சத்தமில்லாத ஒரு வீட்டில் என் பிள்ளை ஒரு நாளாவது தூங்கி எழ வேண்டும் என்பது தவிர எனக்கு அப்போது வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை.

அவளுடைய ப்ராஜெக்டும் அதுவேதான். ஓர் இடத்தில் வீடுகள் வரலாமா, வந்தால் அந்த இடம் என்னவாகும் என்பதைக் கம்ப்யூட்டர் படமாகப் போட்டுக் காட்ட வேண்டும். வெளியூர்ப் பயிற்சிக்குப் போய்வந்த அவளுடைய பேராசிரியர் அதற்கான புரோகிராமைக் கொண்டுவந்திருந்தார். "நம்ம எடத்தையே போட்டுப் பாக்கவாம்மா?" என்று கேட்டாள். எனக்கு வாயெல்லாம் பல்.

வேலை எங்கள் வீட்டில்தான் நடந்தது. கிராம வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, முழுக்கக் கட்டம் போட்டாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மண் என்ன, மேடா பள்ளமா, விளைநிலமா, ரோடு இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ரோட்டுக்கு மூன்று, தண்ணீருக்கு ஏழு. நான் எண்களைப் படிப்பேன், அவள் எழுதிக்கொள்வாள். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கிற குரல் எனக்குத்தான் உண்டு. பகல் முழுக்க டிரங்க் காலில் எண் சொல்லிப் பழகிய குரல். "டபுள் த்ரீ, ஒன், டபுள் செவன்" என்று நான் கூவ, என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "ஏம்மா, எந்த ஊருக்கும்மா லைன் போடுற?" என்பார்.

நிலத்தையும் நேரில் போய்ப் பார்த்தோம். நான், மகள், எக்ஸ்சேஞ்சில் என்னோடு ஒரே போர்டில் உட்காருகிற தோழி. அவள் பழைய ஊருக்குள் பெரிய பள்ளிவாசல் பக்கம் இருந்தவள், கணவர் சவுதியில். எங்கள் மனைக்கு அடுத்த மனை அவளுக்கு விழுந்திருந்தது. நல்ல ஆடி வெயில். மனைகளுக்கு நடுவே மணல் பாதை ஒன்று போயிற்று. இரண்டு பக்கமும் கரை கொஞ்சம் உயர்ந்து, நடுவில் சக்கரத் தடம். நாங்கள் நிற்கும்போதே செங்கல் வண்டி ஒன்று அதில் வந்தது.

"இந்தப் பாதை எங்கண்ணே போகுது?" என்று மகள் கேட்டாள்.

"நேராப் போகும் தாயி. எம்புட்டு லோடுன்னாலும் வண்டி பொதையாம போகும், நல்ல மணலு" என்றார் வண்டிக்காரர்.

சங்கத்தின் மனைப்படத்திலும் அதை வண்டிப்பாதை என்றுதான் போட்டிருந்தார்கள். அதை அகலப்படுத்தி மெயின் ரோடாக்குவது திட்டம். மகள் அதன் கட்டங்களுக்கெல்லாம் மூன்று என்று எழுதினாள்.

அப்படி எழுதி, கல்லூரியில் உட்கார்ந்து ஏற்றி, அச்சாகி வந்த படம்தான் வராந்தாவில் விரித்தது. நல்ல இடத்துக்குக் கம்ப்யூட்டர் நிறைய மார்க் போடும். மார்க் கூடக் கூட, எழுத்து மேல் எழுத்தாக அடித்துக் கட்டத்தைக் கறுப்பாக்கும். ரோட்டுக்கு அருகில் இருந்தால் மார்க் அதிகம். அந்தப் பொட்டலிலேயே கறுத்துக் கிடந்தது வண்டிப்பாதையின் இரண்டு பக்கமும்தான். எங்கள் மனைகள் அத்தனையும் அதற்குள்.

ஒரு பிரதியை நான் ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். ஓய்வறைச் சுவரில் ஒட்டினார்கள். ஷிப்ட் மாறி வருகிறவர்களெல்லாம் அதன் முன்னால் நின்று தங்கள் மனையைத் தேடினார்கள். "கம்ப்யூட்டரே சொல்லிருச்சு, அப்பறம் என்ன?" என்றார் சங்கத் தலைவர். லைன் இன்ஸ்பெக்டர் அவர், எங்களுக்கெல்லாம் அண்ணன். தோழிக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. கணவர் தை மாதம் லீவில் வருகிறார். அதற்குள் சுவர் எழும்ப வேண்டும் என்று, பத்திரத்துக்கு முன்பே தலைவரிடம் அனுமதி வாங்கி அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் இல்லை, தறிகள் நின்று சந்தே காது அடைத்தது போல இருந்தது. மகள் அந்தப் படத்தைத் துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடி போடவில்லை. அதனால் எழுத்தெல்லாம் கரைந்து, கறுப்பு வார் ஒன்று மட்டும் தெரிந்தது. மேல கண்மாயில் ஆரம்பித்து வளைந்து வளைந்து வந்து கீழ கண்மாயில் முடிந்தது.

"ஏன்டி, கம்மாயிலருந்து கம்மாய்க்கு எவன்டி ரோடு போட்டான்? மீனெல்லாம் பஸ் ஏறிப் போகவா?" என்றேன்.

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படத்தைத் திரும்பிப் பார்த்தவள், பாதியில் நிறுத்தினாள்.

எழுந்து போய்க் கிராம வரைபடத்தை எடுத்து விரித்தாள். விரலை வைத்துக்கொண்டே மேலே போனாள். அந்தப் பாதை எந்த ஊரிலிருந்தும் வரவில்லை. மேல கண்மாயின் கலுங்கிலிருந்து வந்தது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம். எந்த ஊருக்கும் போகவும் இல்லை. அடுத்த கண்மாய்க்குள் போய் இறங்கியது. வருடக்கணக்காக மழை பொய்த்து மேல கண்மாய் நிறையவே இல்லை. தண்ணீர் வராத ஓடையில் வண்டி போயிற்று. எங்கள் பக்கத்துக்கு இது புதிதல்ல. வைகைக்குள்ளேயே வண்டியும் லாரியும் போகிறதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். மணலில் சக்கரத் தடம் இருந்தால் நமக்கு அது பாதை. நாங்கள் பார்த்ததைத்தான் எழுதினோம். எழுதியதைத்தான் மெஷின் நம்பியது. நம்பி, தண்ணீர் வருகிற வழியையே அந்தப் பொட்டலில் ஆகச் சிறந்த வீட்டுமனை என்று கறுப்படித்துக் காட்டிவிட்டது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நானும் கல்லூரிக்குப் போனேன். வெறுங்காலோடு அந்தக் குளிர்ந்த அறைக்குள் அன்றுதான் நுழைந்தேன். மகள் அந்தப் பாதையின் மூன்றுகளைத் தேடித் தேடி ஏழாக்கினாள். வேறு எதையும் தொடவில்லை. பிறகு பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. இரும்புக் கதவில் சரம் சரமாகக் கல் எறிவது போன்ற சத்தம். செல்லூர்க்காரியான எனக்கே காது கூசியது. வரி வரியாகத் தாள் மேலே ஏறி வந்தது. முதலில் மேல கண்மாய் வந்தது, பழையபடியே. கலுங்கு வந்தது. அதற்குக் கீழே கறுப்பு வர வேண்டிய இடத்தில் பிரிண்டர் தலை ஒன்றும் அடிக்காமல் தாவிப் போயிற்று. அடுத்த வரியிலும் தாவியது. வெள்ளையாக ஒரு வழி, வளைந்து வளைந்து, எங்கள் மனைகளின் நடுவே இறங்கிக்கொண்டே வந்தது. கறுப்பெல்லாம் விலகிக் கிழக்குப் பக்க மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரே ஓர் எண்ணை மாற்றியதற்கு ஒரு பொட்டலே புரண்டு படுத்ததைப் பார்த்தேன். தண்ணீர் இல்லாத அறையில், தண்ணீர் இல்லாத மாதத்தில், தண்ணீர் நடந்து வருவதைக் காகிதத்தில் பார்த்தவள் நான். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

சங்கக் கூட்டத்தில் அந்த இரண்டாவது படத்தைப் பிரித்துக் காட்டியபோது யாருக்கும் சிலிர்க்கவில்லை.

"பாப்பா, போன மாசம் அந்த எடம் கறுப்பு, நல்ல எடம்னுச்சு ஒன் மெஷினு. இந்த மாசம் வெள்ளையாக் கெடக்கு. அடுத்த மாசம் பச்சை மஞ்சள்னு கலர்ல குடுப்பியா?" என்றார் தலைவர்.

"மெஷினுக்கு வீட்ல ஏதோ சண்டையாம்ண்ணே" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒனக்கு எப்படி மாப்ள தெரியும்? ஒன் வீட்ல போன் பண்ணிச்சா?" என்று இன்னொரு குரல். அறையே சிரித்தது.

நான் மகளின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். போதும், உட்காரட்டும் என்று இருந்தது எனக்கு. சபையில் என் பிள்ளை இளக்காரப்படுவதைவிட அந்த மனையில் வெள்ளம் வந்து போகட்டும் என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது. அவள் முந்தானையை உருவிக்கொண்டாள்.

"மெஷின் ரெண்டு தடவையும் ஒரே கணக்குதான் சார் போட்டுச்சு. நாமதான் ஓடைய ரோடுன்னு சொன்னோம். நான்தான் எழுதிக் குடுத்தேன். எல்லாரும் ஒரு தடவ அந்தப் பாதையிலயே மேல போய்ப் பாருங்க, எங்க போய் முட்டுதுன்னு."

"அந்த ஓடையில தண்ணி பாத்த ஆளு யாராச்சும் இங்க இருக்கீகளா?" என்று தலைவர் கேட்டார். யாருமில்லை. எல்லாரும் டவுனில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆனாலும் அவர் லைன்மேனாகத் திரிந்த மனிதர். எந்தப் பள்ளத்தில் போட்ட கம்பம் சாயும் என்று தெரிந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, பத்திரப்பதிவை மழை முடியும்வரை தள்ளிப் போடலாம் என்றார். அதற்கே பலருக்கு எங்கள்மேல் மனத்தாங்கல். ஓய்வறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும்.

தோழி மட்டும் நிறுத்தவில்லை. அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. வாடகை வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த மனையிலேயே கீற்றுக் கொட்டகை போட்டு, இரண்டு பிள்ளைகளோடு அங்கிருந்தபடியே வேலையைப் பார்த்துக்கொள்வதாக முடிவு செய்திருந்தாள்.

மகள் தோழியின் வீட்டுக்கே போனாள். நானும் கூடப் போனேன். படத்தை எடுத்துப் போக வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள்.

"வீட்டக் கட்ட வேணாம்னு நான் சொல்லலக்கா. மழை முடியிற வரைக்கும் அந்தக் கொட்டகையில மட்டும் படுக்காதீங்க. புள்ளைகள அங்க கூட்டிட்டுப் போகாதீங்க."

"ஒன் படம் ரெண்டு மாதிரிப் பேசுது. நான் எதம்மா நம்புறது?" என்றாள் தோழி. கோபத்தைவிடக் களைப்புதான் அதில் அதிகம்.

"எதையும் நம்ப வேணாம்க்கா. கார்த்திகை வரைக்கும் பொறுங்க. அம்புட்டுதான்."

தோழி என்னைப் பார்த்தாள். என் மகள் சொல்வது சரியாக இருக்குமோ என்ற பயமும், தப்பாகிவிட்டால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயமும் எனக்குள் ஒன்றாக இருந்தன. "சரி, வீட்டு ஓனர் கையில கால்ல விழுந்து ரெண்டு மாசம் கேக்குறேன். ஒனக்காகத்தான்" என்றாள் கடைசியில். கொட்டகை போட்டாள், குடிபோகவில்லை.

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. மழை எங்கே பெய்கிறதென்று ஊரில் முதலில் தெரிவது எங்களுக்குத்தான். உசிலம்பட்டி லைன் இரைந்தது; திருமங்கலம் லைன் விட்டுவிட்டுப் பேசியது; பிறகு தெற்கே ஒவ்வொன்றாகச் செத்தன. மூன்றாம் நாள் காலையில் தலைவரே நானும் தோழியும் இருந்த போர்டுக்கு வந்தார். கம்பம் சாய்ந்ததைப் பார்க்கப் போன அவருடைய ஆட்கள், மேல கண்மாய் நிறைந்து, கலுங்கு வழியே மறுகால் போகிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். "ரெண்டு பேரும் ஷிப்ட் முடிச்சிட்டு வாங்க தங்கச்சி. பாப்பாவையும் வரச் சொல்லு" என்றார்.

மதியம் அவனியாபுரம் வரைக்கும் பஸ். அதற்குமேல் சேற்றில் நடை. மழை விட்டிருந்தது. கிழக்கு மேட்டில் ஏறுகிறவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. பெரிய கூட்டம் ஒன்று தூரத்தில் முணுமுணுப்பது போல.

மேட்டில் ஏறி நின்றோம்.

தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. செம்மண் நிறத்தில், அகலமாக, அவசரமே இல்லாமல். கரைகளுக்குள் அடங்காமல் இரண்டு பக்கமும் பரவி, எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளைந்து போயிற்று. பிரிண்டர் தாவித் தாவி விட்ட வெள்ளை வழி அது; ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரிந்திருந்தது. இதற்கு முன் ஏறியிராத அந்த மேட்டில், இதை ஏற்கெனவே பார்த்தவள் போல நின்றேன். எங்கள் மனையின் கல் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. அதன்மேல் ஓடிய தண்ணீரில் ஒரு சுழிப்பு மட்டும் இருந்தது. பயமா பக்தியா என்று பிரிக்க முடியாத ஒன்று காலிலிருந்து ஏறி வந்தது.

தோழியின் அஸ்திவாரம் இல்லை. கொட்டகையும் இல்லை. அதன் கீற்று ஒன்று கருவேல மரத்தில், என் தோள் உயரத்துக்கு மேலே, சொருகிக் கிடந்தது.

அவள் அந்தக் கீற்றையே பார்த்தாள். "யா அல்லா" என்றாள். பிறகு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். தலைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மகளைத் திரும்பிப் பார்த்தேன். ஜெயித்த முகம் இல்லை அது. உதடு வெளுத்திருந்தது. "ஒரு நம்பர்மா" என்றாள் என் காதருகில். "நீ அன்னைக்கு மீனு பஸ்ஸுன்னு கேலி பண்ணலைன்னா நான் முத படத்தையே குடுத்துட்டு மார்க் வாங்கிட்டுப் போயிருப்பேன்." அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். இப்போது அவள் வேறு ஊரில், வேறு நிலங்களுக்கு இதே வேலையைச் செய்கிறாள். கலர் படமே வருகிறதாம். அவள் போனில் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கீற்றுதான் கண்ணில் நிற்கிறது; அந்தப் பிள்ளைகள் இரண்டும் அதன் கீழே படுத்திருப்பதாகவே மனம் கணக்குப் போடுகிறது. இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு சின்ன எண்ணுக்குள் இருந்தது என்பதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

"பதிய வேணாம்" என்றார் தலைவர், தண்ணீரைப் பார்த்தபடியே. "அந்தப் பட்டை முழுக்க விட்டுருவோம். கெழக்க பேசிப் பாக்குறேன். கெடைச்சா எல்லாத்துக்கும் மறுபடி குலுக்கல். கெடைக்கலன்னா, இருக்குற எடத்துல இருப்போம்." எங்கள் மனை போயிற்று. நாங்கள் இன்னும் பல வருடம் செல்லூரிலேயே இருந்தோம்.

தோழி எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கிழக்குப் பக்கம் பார்த்தாள்.

"சரி பாப்பா. எங்க கட்டலாம்னு ஒன் படம் சொல்லுது? காட்டு. இப்ப நீ சொல்ற எடத்துல கண்ண மூடிட்டுக் கட்டுறேன்."

மகள் பைக்குள் கையை விட்டாள். படம் அதற்குள்தான் இருந்தது. கையை வெறுமனே வெளியே எடுத்தாள்.

"கண்ண மூட வேணாம்க்கா. வாங்க, சுத்தி நடந்து பாத்துட்டு வருவோம்."

அவள் முன்னால் இறங்கினாள். தோழி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனாள். வழுக்கும், பார்த்து நட என்று நான் கத்தினேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல், குனிந்து தரையைப் பார்த்தபடியே நடந்துகொண்டிருந்தார்கள்.